கதவில் தொங்கிய மஞ்சள் பை

அக்டோபர் 9, 2018 – செவ்வாய்

ஆய்வகத்தில் இன்று நாற்பத்தொரு புட்டிகள். எல்லாம் மேற்குப் பக்கத்துப் பள்ளிகளின் குழாய்த் தண்ணீர். இரண்டில் ஈயம் கூடுதலாகக் காட்டியது. இரண்டையும் மறுபடி சோதித்தேன். ஒன்று கருவியின் கோளாறு, மற்றது உண்மை. அறிக்கை எழுதி முடிக்க ஐந்தாகிவிட்டது.

வீட்டுக்கு வந்தால் என் கணவன் கிளிஃப்டன் பேருந்து ஓட்டுநர் சீருடையைக்கூட மாற்றாமல் பக்கத்து மனையில் குனிந்து கொலார்டு கீரை ஒடித்துக்கொண்டிருக்கிறான்.

"ஒரு பனி விழட்டும், அப்பத்தான் கீரை இனிக்கும்னு நீதானே சொன்ன?"

"ஒடெஸ்ஸா அம்மா கேட்டாங்க. பனி விழுற வரைக்கும் பொறுங்கன்னு அந்தம்மாகிட்ட சொல்ற தைரியம் உனக்கு இருந்தா, எதிர்வீடுதான், நீயே போய்ச் சொல்லு அம்மணி."

போகவில்லை. செவ்வாய் என்பதால் ஆறரைக்குக் கூட்டத்துக்குக் கிளம்பிவிட்டான். சூதாட்டத்தை விட்டவர்கள் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடுவார்கள். ஒன்பது ஆண்டுகளாக ஒரு செவ்வாய்கூட அவன் தவறவிட்டதில்லை.

நவம்பர் 3 – சனி

கதவுப் பிடியில் மஞ்சள் பை.

டெட்ராய்ட்டில் அது என்னவென்று குழந்தைக்குக்கூடத் தெரியும். வீட்டுவரி கட்டாதவர்களின் கதவில் மாவட்டக் கருவூலம் மாட்டிவிட்டுப் போகும் பிளாஸ்டிக் பை. உள்ளே தாள்: மார்ச் கடைசிக்குள் கட்டாவிட்டால் வீடு ஏலத்துக்கு. இந்தத் தெருவில் பதினொரு வீடுகள் அப்படிப் போயின. ஆறு வீடுகள் இருந்த இடத்தில் இப்போது புல்தான்.

ஆனால் எங்கள் கதவிலா? வீட்டுக்கடன் தவணையோடு வரிக்கும் காப்பீட்டுக்கும் உள்ள பங்கையும் வங்கி மாதாமாதம் பிடித்துக்கொள்கிறது. எஸ்க்ரோ கணக்கு என்று அதற்குப் பெயர். அதிலிருந்து வங்கியே வரியைக் கட்டிவிடும். பதினான்கு ஆண்டுகளாக அப்படித்தான் நடக்கிறது.

ஒடெஸ்ஸா அம்மா எதிர்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "வீடு மாத்தி மாட்டிட்டானுங்க போல. நீ கவலைப்படாத பொண்ணே" என்றார். அவர் குரலே அதை நம்பவில்லை.

நவம்பர் 5 – திங்கள்

அரை நாள் விடுப்பு. கருவூலத்தில் வரிசை கட்டடத்தைத் தாண்டித் தெருவுக்கு வந்திருந்தது. எல்லோர் கையிலும் மஞ்சள் பை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் கணினியைப் பார்த்தவுடனே சொல்லிவிட்டாள்.

"உங்க வங்கி கட்டத்தான் செஞ்சிருக்கு. ஆனா வீட்டோட பழைய வரி எண்ணுக்குக் கட்டியிருக்கு. அந்த எண்ணே இப்ப கிடையாது. அதனால பணத்தைத் திருப்பி அனுப்பிட்டோம். 2016க்கும் இதே கதை, 2017க்கும் இதே கதை."

புரிய ஒரு நிமிடம் ஆனது. பக்கத்து மனை! அங்கிருந்த வீட்டை இடித்த பிறகு நகராட்சி அந்தக் காலி இடத்தை எங்களுக்கு நூறு டாலருக்கு விற்றது. ஒட்டி வசிப்பவர் என்றால் நூறு டாலர்தான். இங்கே பாதிப் பேர் அப்படி வாங்கியவர்கள். அவர்களெல்லாம் வீட்டுக்கு ஒன்று, மனைக்கு ஒன்று என்று இரண்டு வரி ரசீதோடு இருந்துவிட்டார்கள். கிளிஃப்டன்தான், "ஒரே வேலி, ஒரே எண், ஒரே ரசீது" என்று இரண்டையும் ஒன்றாக்கப் படிவம் கொடுத்தான். ஒன்றானதும் வீட்டின் பழைய வரி எண் போய்ப் புது எண் வந்துவிட்டது. அதை வங்கிக்கு எழுதிப் போட்டுவிட்டதாக அப்போதே சொன்னான்.

போட்டானா?

வட்டியும் அபராதமும் சேர்த்து 7,912 டாலர்.

நவம்பர் 6 – செவ்வாய்

வங்கியின் தொலைபேசியில் நாற்பத்தாறு நிமிடங்கள் பியானோ இசை. பிறகு ஒரு இளைஞன். மிகவும் மரியாதையாகப் பேசினான்.

"திரும்பி வந்த வரிப் பணம் உங்க எஸ்க்ரோ கணக்குல உபரியா நின்னுச்சு மேடம். உபரிய நாங்க வச்சுக்க முடியாது. ஏப்ரல்ல காசோலையா அனுப்பிட்டோம். 5,214 டாலர்."

"யாருக்கு அனுப்புனீங்க?"

"உங்க கணவர் பேருக்குத்தான், மேடம்."

ஏப்ரல். மே மாதம் அவன் வண்டிக்குப் புது கியர்பாக்ஸ் போட்டான். கூடுதல் நேரம் ஓட்டிய சம்பளம் என்றான்.

இதை எழுதியிருக்கக் கூடாது. எழுதிவிட்டேன்.

நவம்பர் 7

கேட்டேன். "எந்தக் காசோலை?" என்றான். சிரித்தான்.

2008-இலும் இப்படித்தான் சிரித்தான். "எந்தப் பணம்?" என்று. என் அப்பா விட்டுப்போன பதினெட்டாயிரம் டாலர் அதற்குள் ஆற்றங்கரைச் சூதாட்ட விடுதியில் கரைந்திருந்தது. அடுத்த மார்ச்சில் அவனாகவே கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தான். அதன் பிறகு ஆறு ஆண்டுகள் நான்தான் எல்லாக் கணக்கையும் பார்த்தேன். அவன் சம்பளமும் என் கைக்குத்தான் வந்தது. ஏழாம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில், வீட்டுக்கடன் கோப்பை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "இனிமே இத நீ பாத்துக்கோ." அவன் எழுந்து குளியலறைக்குப் போய்விட்டான். குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதது எனக்குக் கேட்டது.

அதே சிரிப்பா இது? சிரிப்பை எந்தக் கருவியில் வைத்துச் சோதிப்பது?

நவம்பர் 11

அவன் கோட்டுகளின் பைகளைத் துழாவினேன். இருமல் மிட்டாய், பல்குத்தும் குச்சி, ஒற்றைக் கையுறை. ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லாததே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

நவம்பர் 15

வெண்டெலிடம் தொலைபேசியில் பேசினேன். கூட்டத்தில் முதல் நாளிலிருந்து அவனுக்குத் துணையாக நின்றவர். இரண்டே நிமிடம்தான் பேசினேன்.

நவம்பர் 20 – செவ்வாய்

கூட்டத்திலிருந்து எட்டு மணிக்கு வரவேண்டியவன் ஏழுக்கே வந்துவிட்டான். தொப்பியைக் கழற்றவில்லை.

"வெண்டெலுக்குப் போன் பண்ணியா?"

"பண்ணேன்."

"என்ன கேட்ட?"

"நீ மறுபடி ஆட ஆரம்பிச்சிட்டியான்னு கேட்டேன்."

"கார் நிறுத்துற இடத்துக்குத் தனியாக் கூட்டிட்டுப் போனார், ட்வைலா. தோள்ல கைய வச்சு, 'விழுந்திருந்தாலும் பரவால்ல, சொல்லிடுப்பா'ன்னார். புதுசா வர்றவங்க தோள்ல நான் வைக்கிற மாதிரி. அதே மாதிரி."

நான், "அப்போ காசோலை எங்க போச்சு?" என்றேன்.

அந்த நேரத்தில் அதைத்தான் கேட்கத் தோன்றியது எனக்கு.

நவம்பர் 22 – வியாழன், நன்றி நாள்

இன்க்ஸ்டரில், அவன் அண்ணன் ஹார்லன் வீட்டில் வான்கோழி விருந்துக்குப் பதினாறு பேர். ஹார்லன் எப்போதும்போல வாயை அடக்கவில்லை.

"ஏம்மா ட்வைலா, உங்க தெருவுல எல்லாருக்கும் மஞ்சள் பை தர்றாங்களாமே! எங்க ஊர்ல ஒரு வான்கோழியோட நிறுத்திக்கிறாங்க, கஞ்சப் பசங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கிளிஃப்டனும் சிரித்தான். அவன் சிரித்ததுதான் என்னைக் கிளப்பிவிட்டது.

"உன் தம்பியக் கேளு. ஐயாயிரம் டாலருக்கு எத்தன வான்கோழி வரும்னு அவனுக்குத் தெரியும்."

ஹார்லனின் மகள் கையில் சோளரொட்டித் தட்டோடு அப்படியே நின்றாள். கிளிஃப்டன் மெதுவாகத் தன் கீரையைச் சாப்பிட்டு முடித்தான். எழுந்துபோய்த் தட்டைக் கழுவினான். மற்றவர்களுடைய தட்டுகளையும் கழுவினான்.

டிசம்பர் 14

வீடு போனால் தன் கடனும் போகும் என்று வங்கி முழுத் தொகையையும் மாவட்டத்துக்குக் கட்டிவிட்டது. வீடு ஏலத்துக்குப் போகாது. அவனிடம் சொன்னேன். "நல்லது" என்றான்.

ஜனவரி 2, 2019 – புதன்

கடையில் என் அட்டை செல்லவில்லை. பால், முட்டை, ரொட்டி எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வைத்தேன். பின்னால் நின்றவள் என் ஆய்வகத்துக்காரி.

வங்கி தவணையாக 688 டாலருக்குப் பதில் 1,347 எடுத்திருக்கிறது. கணக்கு காலி. கேட்டால், எங்களுக்காகக் கட்டிய 7,912 டாலரைப் பன்னிரண்டு மாதத்தில் திருப்பி வசூலிக்கிறார்களாம். ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? "அறிவிப்புக் கடிதம் டிசம்பர் பதினொன்னாம் தேதியே அனுப்பியாச்சு மேடம்."

அப்படி ஒரு கடிதம் வரவில்லை. காசோலையும் வரவில்லை, கடிதமும் வரவில்லை. தபால் பெட்டியைத் திறப்பவன் யார்?

"அந்தக் கடுதாசியையும் நீதான் எடுத்து ஒளிச்சு வச்சிருக்கியா?"

அவன் குனிந்து காலணி நாடாவை அவிழ்த்தான்.

"உன் அட்டையக் குடு. இன்னைலேருந்து கணக்க நான் பாத்துக்கிறேன்."

பணப்பையிலிருந்து அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தான். பிறகு அலமாரியிலிருந்து அந்த வீட்டுக்கடன் கோப்பையும் எடுத்து வந்து அதன்மேல் வைத்தான். நான் அதைக் கேட்கவேயில்லை.

ஜனவரி 6 – ஞாயிறு

போய்விட்டான். இரண்டு பைகளும் கருவிப் பெட்டியும். ஹார்லன் வண்டியோடு வாசலில் நின்றான், உள்ளே வரவில்லை.

"நீ என்கிட்ட ஒரு தடவகூடக் கேக்கல, ட்வைலா. ஒவ்வொரு தடவையும் தீர்ப்புதான் சொன்ன" என்றான் கிளிஃப்டன்.

கேட்டேனே! நவம்பர் ஏழாம் தேதி கேட்டேன், இதோ எழுதி வைத்திருக்கிறேன்.

கேட்டேனா?

பிப்ரவரி 2

தபாலில் ஒரு பண ஆணை. 673 டாலர் 50 சென்ட். 1,347இல் சரிபாதி. உறைக்குள் வேறு ஒன்றும் இல்லை. உறையைக் கிழித்து உட்புறத்தைக்கூடப் பார்த்தேன்.

பிப்ரவரி 19

குழாய் உறைந்துவிட்டது. எங்கே திறந்து எங்கே மூடவேண்டும் என்று அவனுக்குத்தான் தெரியும். அவனைக் கூப்பிடவில்லை. குழாய்காரருக்கு இருநூற்றுப் பத்து டாலர்.

மார்ச் 2

இன்னொரு பண ஆணை. 673.50.

திருடியவன் இப்படி அனுப்புவானா? குற்ற உணர்ச்சி இருந்தால் அனுப்புவான், என்று உடனே எனக்குள் ஒரு பதில் வந்தது. என்னிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பதில் இருக்கிறது.

மார்ச் 12 – செவ்வாய்

இன்று அவன் சூதாட்டத்தை விட்டுப் பத்து ஆண்டுகள். கூட்டத்தில் பதக்கம் கொடுப்பார்கள். ஐந்தாம் ஆண்டு நான்தான் அவன் சட்டையில் குத்திவிட்டேன். காரை எடுத்துக்கொண்டு தேவாலயத்தின் எதிர்ப்புறம் வரை போனேன். கீழ்த்தளச் சன்னலில் வெளிச்சம் தெரிந்தது, கைதட்டல் கேட்டது. இறங்கவில்லை.

இரவில் ஹார்லன் கூப்பிட்டான். "வெண்டெல்தான் குத்திவிட்டார். கேக் வெட்டினோம். நீ வராதது நல்லதுதான்" என்றான். அவனிடம் இன்று கிண்டலே இல்லை. கிண்டல் செய்திருந்தால் தாங்கியிருப்பேன்.

ஏப்ரல் 9 – செவ்வாய்

இந்தத் தவணை கட்டி மாளாது. வீட்டை விற்றுவிடலாம் என்று ஒடெஸ்ஸா அம்மாவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். பிடித்துக்கொண்டார். "வித்துட்டு? அந்த இடத்துலயும் புல்லு முளைக்கட்டும்ங்கிறியா? ஏண்டி, நாலு வருசம் காலேஜ் படிச்சவ, ஒரு வக்கீலப் போய்ப் பாக்கத் தெரியாதா உனக்கு?"

இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போனேன். திருமதி அகோஸ்டா. மேசை முழுக்க மஞ்சள் பைகள். நான் கொண்டுபோன தாள்களையெல்லாம் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்துப் பாராட்டினார். பிறகு கேட்டார்:

"இந்த 5,214 டாலர் காசோலை பணமாச்சா?"

"ஏப்ரல்ல அனுப்பிட்டதா சொன்னாங்க."

"அனுப்புனது சரிங்க. யாராவது மாத்துனாங்களா? பின்னாடி யார் கையெழுத்து இருக்கு?"

"தெரியாது."

"நகல் கேட்டீங்களா?"

இல்லை. ஐந்து மாதங்களில் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. வெண்டெலைக் கேட்டேன். கோட்டுப் பைகளைக் கேட்டேன். பதினாறு பேர் நடுவில் கேட்டேன். பள்ளிக்கூடத் தண்ணீரில் ஒரு எண் கூடினால் நம்பாமல் மறுபடி சோதிப்பவள், தொலைபேசியில் முகம் தெரியாத ஒருவன் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஏன்?

"நானே எழுதிக் கேக்குறேன்" என்றார். "எழுதிக் கேட்டா அவங்க எழுதித்தான் பதில் சொல்லணும்."

மே 17 – வெள்ளி

பதில் வந்துவிட்டது. அகோஸ்டா அலுவலகத்தில் பார்த்தேன்.

காசோலையின் பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. யாரும் கையெழுத்துப் போடவில்லை, யாரும் மாற்றவில்லை. ஆறு மாதம் கழித்து வங்கியே செல்லாததாக்கியிருக்கிறது. திரும்பி வந்த உறையின் நகலும் இருந்தது: "இப்படி ஒரு முகவரி இல்லை" என்ற தபால் முத்திரையோடு.

எங்கள் வீடு 14231. உறையில் 14237.

14237 என்றால் இடித்த வீட்டின் எண். இப்போது அது கீரைப் பாத்தி. அதற்கு எங்கிருந்து தபால் பெட்டி? டிசம்பர் கடிதமும் அங்கேதான் போயிருக்கிறது. கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகளாக எல்லாமே அங்கேதான்.

கிளிஃப்டன் எழுதிய கடிதத்தின் நகலும் அதில் இருந்தது. தேதி ஆகஸ்ட் 2016. அவனுடைய கோணல் கையெழுத்து. "பக்கத்து மனை 14237-ஐ எங்கள் வீட்டோடு சேர்த்துவிட்டோம், புதிய வரி எண் இது, தயவுசெய்து மாற்றிக்கொள்ளவும்." வங்கி மாற்றியிருக்கிறது. வரி எண்ணை அப்படியே விட்டுவிட்டு, எங்கள் முகவரியை மாற்றியிருக்கிறது.

அவன் எழுதிப் போட்டிருந்தான்.

மே 18 – சனி

காலை ஒன்பதுக்குக் கூப்பிட்டேன். அதற்குமுன் என்ன சொல்வது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன், முகவரி, உறை, அவன் கடிதம், எல்லாம். குறுக்கே பேசாமல் கேட்டான்.

"காசோலைய யாருமே மாத்தல, கிளிஃப். நீ எடுக்கல."

"நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியுமே, ட்வைலா. இது உனக்குத்தான் செய்தி."

தாளில் அதற்குமேல் எழுதியிருந்தது எதுவும் வாயில் வரவில்லை. மன்னிச்சிரு என்றேன். எத்தனை முறை என்று தெரியாது.

"மன்னிச்சாச்சு. அது நடந்து நாளாச்சு."

"அப்போ வீட்டுக்கு வா."

"மன்னிக்கிறது வேற. அங்க இருந்துக்கிட்டு, ஒவ்வொரு தடவ தபால் வர்றப்பவும் உன் மூஞ்சில என்ன ஓடுதுன்னு பாக்குறது வேற. இங்க ஹார்லன் வீட்டுல நான் தபால் எடுக்கப் போனா யாரும் திரும்பிக்கூடப் பாக்குறதில்ல. அது எவ்ளோ நிம்மதியா இருக்கு தெரியுமா உனக்கு?"

தெரியாது என்றேன்.

மே 26

ஆய்வகம், வீடு. ஆய்வகம், வீடு. எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 21 – வெள்ளி

வங்கி பணிந்தது. தவணை இனி 702 டாலர். வட்டி, அபராதம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. கூடுதலாக எடுத்ததற்கு ஒரு காசோலை, இந்த முறை சரியான முகவரிக்கு. "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்." ஒரு வரி. அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். வங்கிமேல் கோபம் வரும் என்று பார்த்தேன். வந்தது, ஆனால் கொஞ்சம்தான். வங்கி அவனைத் திருடன் என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.

காசோலை இருவர் பெயரிலும் இருந்ததால் கையெழுத்துப் போட அவன் வந்தான். வாசற்படியிலேயே நின்று போட்டான். இளைத்திருக்கிறான். உள்ளே வா, சாப்பிட்டுட்டுப் போ என்றேன். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தானாம். மனைப் பக்கம் பார்த்தான். களை முழங்கால் உயரம்.

"இந்த வருஷம் கீர வைக்கலையா?"

"எப்ப வைக்கணும்னு எனக்குத் தெரியாதே."

"ஜூலை நடுவுல வச்சாலும் வரும்."

"வந்து வச்சுக் குடுப்பியா?"

பேனாவை மூடி என்னிடம் நீட்டினான். "விதைப் பொட்டலத்துலயே எல்லாம் போட்டிருக்கும், ட்வைலா." முரட்டுத்தனமே இல்லாமல் சொன்னான். வழி கேட்ட பயணியிடம் அடுத்த பேருந்து எத்தனை மணிக்கு என்று சொல்வானே, அப்படி.

எதிர்வீட்டிலிருந்து ஒடெஸ்ஸா அம்மா கத்தினார்: "டேய் கிளிஃப்டன்! என்னையப் பாக்காமயே ஓடுறியா?" அவன் தெருவைக் கடந்து போய் அவரைக் கட்டிக்கொண்டான். அவர் வீட்டுக்குள் நுழைந்தான். இருபது நிமிடம் இருந்தான்.

ஜூலை 2

பண ஆணை 351 டாலர். 702இல் பாதி. வங்கி கூடுதலாக எடுப்பதை நிறுத்தியும் இவன் நிறுத்தவில்லை. திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஜூலை 9

அதே பண ஆணை மறுபடி வந்தது. இந்த முறை ஒரு துண்டுத் தாளோடு: "என் பேரும் கடனில் இருக்கிறது."

ஆகஸ்ட் 27, 2019 – செவ்வாய்

புதிய வரி எண் பதிவானதால் வரிச் சலுகைக்கும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டுமாம். நகராட்சிக்குப் போனேன். நான்கு பக்கப் படிவம், நின்றுகொண்டே நிரப்பினேன். பெயர், வரி எண், முகவரி. முகவரியை மட்டும் இரண்டு முறை சரிபார்த்தேன்.

"வீட்டில் வசிப்பவர்கள் எத்தனை பேர்?" கை தானாக 2 என்று போட்டுவிட்டது. அடித்துவிட்டு 1 என்று எழுதிக் கொடுத்தேன்.

அந்தப் பெண் படிவத்தைத் திருப்பித் தள்ளினாள். "அடிச்சுத் திருத்துனா எடுத்துக்க மாட்டோம்ங்க. வேற ஒண்ணுல முதல்லேருந்து எழுதிக் குடுங்க."

புதுப் படிவம் வாங்கி ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் நிரப்பினேன். அந்த ஒரு கட்டத்தை மட்டும் விட்டுவிட்டுக் கடைசியாக நிரப்பினேன்.